எலும்பில்லாத திரை

முன்பல்லால் என்னால் எதையும் கடிக்க முடியாது என்பது இருபத்து மூன்று வயது வரை எனக்கே தெரியாது. எங்கள் வீட்டில் கடித்துத் தின்கிற சாப்பாடு என்று எதுவும் கிடையாது. இட்லி, தோசை, களி, சோறு எல்லாம் கையால் பிய்த்தோ பிசைந்தோ வாய்க்குள் போவதுதான். கரும்பைக் கடைவாயில் வைத்து உரிப்பேன். எல்லாரும் அப்படித்தான் உரிப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், யாருடைய பிறந்தநாளுக்கோ அலுவலகத்தில் பர்கர் வாங்கிக் கொடுத்தார்கள். மற்றவர்களைப் பார்த்து நானும் இரண்டு கையாலும் பிடித்துக் கடித்து இழுத்தேன். ரொட்டி அப்படியே இருந்தது. உள்ளே இருந்த இலை மட்டும் முழுசாக உருவிக்கொண்டு வந்து மோவாயில் தொங்கியது. எதிரே இருந்தவள் சிரிக்கவில்லை. ஒரு டிஷ்யூவை நீட்டி, “உனக்கு க்ளாஸ் த்ரீ போல” என்றாள், ரத்த வகையைச் சொல்வது போல.

எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் பேசிக்கொள்வோம். பல்லை நேராக்க, கண்ணாடி மாதிரி ஒரு ப்ளாஸ்டிக் உறையைப் பல்லின் மேல் மாட்டிக்கொள்கிறார்களே, அலைனர், அதற்குத் திட்டம் போடுவதுதான் எங்கள் வேலை. வெளிநாட்டில் எங்கோ ஒருவருடைய வாயை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். பெயர் இருக்காது, ஓர் எண் மட்டும் இருக்கும். மேல்வரிசை, கீழ்வரிசை, சுற்றி ரோஸ் நிற ஈறு. ஒவ்வொரு பல்லையும் மௌஸால் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, இத்தனை உறையில் இது இங்கே வந்து நிற்கும் என்று படம் செய்து அனுப்ப வேண்டும். ஒரு உறைக்குக் கால் மில்லிமீட்டர். அதை மாற்றினால் இன்னொரு கால்.

நான் பல் டாக்டர் இல்லை. ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் நகரியில் பள்ளிக்கூடம், திருப்பதியில் கம்ப்யூட்டர் பட்டப்படிப்பு. என்னோடு படித்தவர்கள் கிடைத்த பஸ்ஸில் ஏறி பெங்களூருக்குப் போனார்கள், நானும் ஏறினேன். ஆறு வாரம் பயிற்சி கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

க்ளாஸ் த்ரீ என்றால், மூடும்போது கீழ்ப்பல் மேல்பல்லுக்கு வெளியே வந்து நிற்பது. சிலருக்குப் பல் மட்டும் இடம் மாறியிருக்கும். சிலருக்குத் தாடையே நீண்டிருக்கும். என் நைனாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், தாடை. நகரியில் ஒரு பவர்லூம் கொட்டகையில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர் அவர். இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு, மிச்ச நூலை மற்றவர்கள் பல்லால் கடித்துத் துப்புவார்கள். நைனா மட்டும் இடுப்பில் ஒரு சின்னக் கத்தரியைக் கட்டிக்கொண்டிருப்பார். அவர் சுத்தம் பார்க்கிறவர் என்று நான் நினைத்திருந்தேன். பர்கர் தின்ற அன்று மத்தியானம்தான், நாற்காலியில் உட்கார்ந்தபடி, அந்தக் கத்தரி ஏன் என்று எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு உட்கார முடியவில்லை. மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் எதிரே யார் உட்காருகிறார்கள் என்று பார்த்து இடம் மாறுவேன். போட்டோ எடுத்தால் மோவாயைக் கழுத்துக்குள் இழுத்துக்கொள்வேன். நாள் முழுக்க யார் யாருடைய பல்லையோ வரிசையில் நிறுத்திவிட்டு, ஹாஸ்டலுக்குப் போய்க் கண்ணாடியில் பக்கவாட்டாக நின்று பார்ப்பேன்.

புதிதாக ஒரு ஸ்கேனர் வந்தபோது பயிற்சிக்காக எங்கள் வாயையே படம் எடுத்தார்கள். என் கோப்பு கணினியில் இருந்தது. அடுத்த நாள் சாப்பாட்டு இடைவேளையில் அதைத் திறந்தேன். மேலே ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் ஏறி நின்றது. ஒரு கோரைப்பல் திரும்பியிருந்தது. கீழ்வரிசை முழுவதும் வெளியே. கீழ் முன்பற்கள் நான்கையும் பிடித்து உள்ளே இழுத்தேன். வந்தன. இன்னும் இழுத்தேன். இன்னும் வந்தன. மேல்வரிசையை முன்னால் சாய்த்தேன். ஒரு வாரம் இப்படியே செய்ததில், முப்பத்திரண்டாவது உறையில் திரையில் என் வாய் மூடியது, மேல்பல் வெளியே, கீழ்ப்பல் உள்ளே. அந்தப் படத்தை போனில் ஏற்றிக்கொண்டேன். பஸ்ஸில் பலமனேர் தாண்டி, சித்தூர் தாண்டி, புத்தலப்பட்டு வரும் வரை அதையே ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டு ஊருக்குப் போவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனாவிடம் காட்டினேன்.

“யார் பல்லுமா இது?”

“என்துதான் நைனா. இப்டி வந்துரும்.”

போனை எட்டப் பிடித்து இரண்டு தரம் பார்த்தார். “பல்லு நல்லாத்தான் போவுது. மூஞ்சி எங்க?”

“மூஞ்சி இதுல வராது. பல்லு மட்டுந்தான்.”

“மூஞ்சி இல்லாம, அது எங்க போய் நிக்குதுன்னு எப்டி தெரியும்?”

எனக்குக் கோபம் வந்தது. ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொன்னேன். “நான் படிக்காதவன், கேட்டேன், அவ்ளோதான்” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனார்.

அலுவலகத்தில் எங்கள் திட்டங்களைச் சரிபார்க்க ஒரு பல் டாக்டர் இருந்தார். சென்னைக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவரிடமும் காட்டினேன். திரையைப் பார்த்தவர், யார் கேஸ் என்று கேட்டார். என்னுடையது என்றதும் திரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“வேண்டாம்பா” என்றார். “இங்க பல்லை எவ்வளவு தூரம் வேணும்னாலும் தள்ளலாம். மௌஸ் ஒண்ணும் சொல்லாது. எலும்பு சொல்லும். நம்ம திரையில எலும்பே கிடையாது, தெரியும் இல்ல?”

தெரியும். இந்த மாதிரி கேஸ் வந்தால் ‘இது தாடை எலும்பு சம்பந்தப்பட்டது, அலைனரால் மட்டும் சரியாகாது’ என்று எழுதித் திருப்பி அனுப்புவதே நான்தான். எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். எனக்கு நானே அதை எழுதிக்கொள்ள முடியவில்லை.

திருப்பதியில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கிளினிக்குக்குப் போனேன். இளம் டாக்டர், நல்லவர். நானே திட்டம் கொண்டுவந்ததைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாமா என்று தெலுங்கில் கேட்டார். தேவையில்லை, தினமும் நான் செய்கிற வேலைதான் இது, என்றேன். அவர் தயங்கினார். நான் இன்னும் பேசினேன். பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தவள் நான்தான். அவர்மேல் பழி போட எனக்கு நியாயம் இல்லை. சேர்த்து வைத்திருந்தது மொத்தமும் அதற்குப் போனது.

பல்லின் மேல், பல் நிறத்திலேயே சின்னச் சின்ன மேடுகளை ஒட்டினார்கள், உறைக்குப் பிடிமானம் வேண்டுமே. கீழ்ப்பற்களின் இடுக்கில் மெல்லிய அரத்தால் ராவி இடம் செய்தார்கள். முதல் உறையை மாட்டியதும் வாய் முழுக்க இறுக்கம். ச, ஸ எல்லாம் காற்றாகப் போனது. வீட்டுக்கு போன் செய்தால் பின்னால் பக்கத்துக் கொட்டகையின் தறிச் சத்தம். அம்மா, “இன்னா சொல்றே? வாயில இன்னா வெச்சிகினு பேசுறே?” என்பாள். சாப்பாட்டுக்குக் கழற்ற வேண்டும், பல் தேய்த்து மறுபடி மாட்ட வேண்டும். மற்ற நேரமெல்லாம் வாயிலேயே.

ஆறாவது உறையில் மேலே ஏறி நின்ற பல் இறங்கி வரிசைக்கு வந்துவிட்டது. நாக்கால் தடவிப் பார்த்தேன், மேடு இல்லை. பஸ் ஜன்னல் கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துப் பதிலுக்குச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த ரோட்டில் போனதில்லை.

சந்தோஷம் என்னை இன்னும் அவசரப்படுத்தியது. பத்து நாளைக்கு ஒரு உறை என்பதை ஏழு நாளாக்கினேன், பிறகு ஐந்து. திரும்பியிருந்த கோரைப்பல் படத்தில் திருகாணி மாதிரி சுழன்று வந்தது. வாயில் அது அசையவில்லை. கோரைப்பல் உருண்டை, ப்ளாஸ்டிக் அதைப் பிடிக்க முடியாமல் வழுக்கும். உறைக்கும் பல்லுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தது. அதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். அடுத்த உறை சரிசெய்யும் என்று அடுத்ததை மாட்டினேன்.

பதினாலாவது உறையின்போது குளிர்ந்த தண்ணீர் குடிக்க முடியவில்லை. கீழே நடுவில் இருந்த ஒரு பல் மற்றதைவிட நீளமாகத் தெரிந்தது. பல் வளரவில்லை, ஈறு இறங்கியிருந்தது. பதினாறாவது உறையைக் கழற்றிய ஒரு ஞாயிறு, நகரியில் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டேன். ஆடியது. கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ஏன் துன்னாம உக்காந்திருக்கே?” என்றாள் அம்மா.

“பல்லு ஆடுதும்மா.”

உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த நைனா அப்படியே வெளியே வந்தார். “நாளைக்கு லீவு சொல்லு. நானும் வரேன்” என்றார்.

திங்கட்கிழமை புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போனோம். சென்னை டாக்டரிடம் போனில் கேட்டு, அவர் சொன்ன ஒரு பெண் டாக்டரிடம் போனேன். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். ஒரு மருந்துக்கடையின் மாடியில் கிளினிக். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். வாய்க்குள் பார்க்கிற இரண்டு சின்னக் கண்ணாடிகளின் காம்பு முனையால் அந்தப் பல்லை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார்.

“ப்ளான் யார் போட்டது?”

“நான்தான் மேடம். பெங்களூர்ல அதே வேலதான்.”

“டாக்டரா?”

“இல்ல மேடம்.”

பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். வந்ததும் வெளிச்சத்தில் மாட்டி, நைனாவையும் உள்ளே கூப்பிட்டார். என் மண்டையை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“சூடு தல்லி, பாரும்மா” என்று பென்சிலால் காட்டினார். “இது கீழ்த்தாடை எலும்பு. முன்னாடி இவ்வளவுதான் தடிப்பு. பல்லோட வேர் இதுக்குள்ள நிக்கணும். நீ பல்லோட தலைய உள்ள இழுத்தே, வேர் இந்தப் பக்கம் எட்டிப் பாக்குது. எலும்பு இல்லாத எடத்துல ஈறு எப்டி நிக்கும்?”

நான் நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டேன்.

“ஒண்ணு சொல்றேன். உன் பல்லு மேல தப்பில்ல. தாடை முன்னாடி வளர வளர, மேல்பல்லைத் தொடணும்னு அதுவே உள்பக்கமா சாஞ்சுகிட்டே வந்திருக்கு. நீ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அது கடைசி வரைக்கும் சாஞ்சுபோச்சு. அதுக்கு மேல நீ தள்ளினே.”

“அலைனரே போட்டிருக்கக் கூடாதா மேடம்?”

“ஏன் கூடாது? மேல எவ்ளோ அழகா வந்திருக்கு பாரு. நெரிசல சரி பண்ணும், இடைவெளிய மூடும், சாஞ்சத நிமித்தும். உருண்டைப் பல்லத் திருப்பறது கஷ்டம், மெதுவா, துணைக்கு வேற ஏதாச்சும் குடுத்துப் பண்ணணும். தாடைய மட்டும் அது நகத்தாது. அத நகத்தணும்னா ஆபரேஷன். அதுக்கும் முன்னாடி பல்ல எல்லாம் நீ தள்ளினதுக்கு நேர் எதிர்ப்பக்கம் கொண்டுவரணும். ஒரு வருஷம் இப்ப இருக்கறதவிட அசிங்கமா தெரியும். அப்புறம் எலும்ப வெட்டிப் பின்னாடி வெப்பாங்க. ஒரு மாசத்துக்கு மேல கஞ்சிதான்.”

நைனா எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே நின்றார். “அம்மா, இந்த எலும்பு என்துதான?” என்று கேட்டார்.

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “அடகாலா, இதக் கேக்கணுமா? உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. இதுல தப்பு ஒப்பு ஒண்ணும் லேது. கண்ணு, மூக்கு வரலையா, அது மாதிரிதான்.”

நைனா தலையாட்டினார். கை மட்டும் தன் மோவாய்க்குப் போய் அங்கேயே நின்றது.

திரும்பி வரும்போது புத்தூர் வரைக்கும் எக்ஸ்ரே என் மடியில் இருந்தது. அங்கே பஸ் கொஞ்ச நேரம் நின்றது. வெள்ளரிக்காய் விற்கிறவர் ஏறி இறங்கினார். நைனா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

“நீ பொறந்தப்ப உன் மோவாயத்தான் மொதல்ல பாத்தேன். உங்கம்மா மாதிரி இருந்துச்சு. அப்பாடான்னு இருந்தேன். பன்னெண்டு, பதிமூணு வயசுல தான் அது வளந்துகினு வந்துச்சு. தெனம் பாப்பேன்.”

“ஏன் சொல்லல நைனா?”

“சொல்லி?”

அவர் தினம் பார்த்ததை நினைத்தேன். நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன், அவர் கொட்டகைக்குப் போகிற வழியில் ஒரு நிமிஷம் நிற்பார். படிக்கிறேனா என்று பார்க்கிறார் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்புவேன்.

அந்த டாக்டர் என் கீழ்ப்பற்களை அவை இருந்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோனார். அதுவும் அலைனரால்தான், பதினோரு உறை, ஒவ்வொன்றும் இரண்டு வாரம். ஒரு நாள்கூட முன்னால் மாற்றக்கூடாது என்றார். இரண்டாவது மாதம் பல் ஆடுவது நின்றது. கடைசி உறை கழன்ற அன்று, பற்கள் மறுபடி நகராமலிருக்க உட்பக்கம் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டினார். வாயை மூடிப் பார்த்தேன். கீழ்ப்பல் வெளியே, பழையபடி. மேல்வரிசை நேராக. கோரைப்பல் பாதி திரும்பி. இறங்கிய ஈறு ஏறவில்லை, அந்த ஒரு பல் நீளமாகவே நின்றுவிட்டது.

அலுவலகத்தில் சென்னை டாக்டர், நான்தான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஈறைக் காட்டச் சொன்னார், பார்த்தார், குளிர்ச்சியாக எதுவும் குடிக்காதே என்றார். நான் திட்டம் போடும் வேலையிலிருந்து மாற்றல் கேட்டு, வருகிற கேஸ்களை முதலில் பிரித்துப் பார்க்கும் பிரிவுக்குப் போனேன். அங்கே எக்ஸ்ரேயும் போட்டோவும் வரும். எக்ஸ்ரே இல்லாமல் வந்தால் கேட்டு எழுதுவேன். வேலை தாமதமாகிறது என்று மேலாளர் இரண்டு முறை கூப்பிட்டுப் பேசினார். இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆபரேஷனைப் பற்றி அவசரமில்லை, முப்பது வயதிலும் செய்யலாம், வேண்டாம் என்றாலும் ஒன்றுமில்லை, என்று திருப்பதியில் அந்தப் பெண் டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அவர் ‘செய்’ என்றோ ‘செய்யாதே’ என்றோ சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதை ஆரம்பிக்க அவரிடம் மூன்று முறை நாள் கேட்டு வாங்கினேன். முதல் முறை லீவு கிடைக்கவில்லை. இரண்டாவது முறை லீவு கிடைத்தது, நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது முறை பஸ் ஏறி, திருப்பதிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் சந்திரகிரி வரை போய் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி பெங்களூருக்கே திரும்பினேன். ஹாஸ்டலில் யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் அம்மா போன் செய்தாள். நைனா தனியாகத் திருப்பதிக்குப் போய், அதே டாக்டரிடம், தேய்ந்துபோன இரண்டு கடைவாய்ப் பல்லுக்குக் கழற்றாத உறை, க்ரௌன், போட்டுக்கொண்டு வந்திருக்கிறாராம். அவர் வாழ்க்கையில் பல் டாக்டரிடம் தனக்காகப் போனது அதுதான் முதல் தடவை. போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

“எத்தினி நாளா வலி நைனா?”

“வருசக் கணக்கா இருக்கும். முன்பல்லு வேல செய்யல, பின்னாடியே அரச்சி அரச்சித் தேஞ்சி போச்சாம்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ போலாமா வேணாமான்னு யோசிச்சிகினு இருக்கே. எனக்கு வலி. வலிக்கு யோசன இன்னா?” என்றவர், “அந்த டாக்டரம்மா உன்ன விசாரிச்சாங்க” என்றார்.

எனக்கு வலி இல்லை. பிய்த்துத் தின்கிறேன், பேசுகிறேன், எவரும் என்னிடம் முகத்துக்கு நேரே எதுவும் சொன்னதில்லை. ஆனாலும் கண்ணாடிக் கதவு எதைத் தாண்டினாலும் பக்கவாட்டில் ஒரு பார்வை போகிறது. நாளை மறுநாள் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். டாக்டரிடமும் சொல்லியிருக்கிறேன், இந்த முறை ஆபரேஷனைப் பற்றிப் பேச மட்டும்தான் என்று. இன்று காலையில் போகத்தான் வேண்டும் என்று இருந்தது. இப்போது எழுந்து போய் இரண்டு தரம் பையைத் திறந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பழைய எக்ஸ்ரேயும் துணிக்கு நடுவில் இருக்கிறது.